கடைசி வரிக்குப் பின் ஒரு மூச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. மழைச் சத்தத்தில் என் குரல் கேட்காமல் போய்விடும். ஒரு காதல் கதை சொல்லப்போகிறேன். நடுவில் சிரிப்பீர்கள்... கடைசியில் என்னைத் திட்டக்கூடாது.

அன்றைக்கும் இப்படித்தான் மழை. பல்கலைக்கழக இசைத்துறையின் ஒலிப்பதிவு அறையில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட ஆய்வே மூச்சுதான். பாடுகிறவர்கள் எங்கே மூச்சிழுக்கிறார்கள், ஏன் இழுக்கிறார்கள் என்று. எதிரே ஒரு பாடகி உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது படாரென்று கதவு திறந்தது. சளக் சளக்கென்று ஈரச் செருப்போடு ஓர் இளைஞன். குடையிலிருந்து அறைக்குள்ளேயே ஒரு தூறல்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க! மழைக்கு ஒதுங்கினேன்."

"பதிவு நடக்குதுன்னு வெளியே சிவப்பு விளக்கு எரியுதே, கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுது. உள்ளே கதகதப்பா இருக்கும்னு நினைச்சேன்."

பாடகி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை. ஆனால் நனைந்த இமைகளுக்குள் மினுங்கிய அந்தக் கண்களை... தேவைக்குமேல் ஒரு நொடி பார்த்துவிட்டாள்.

அவன் தாவரவியலில் ஆய்வு செய்கிறவன். மனதுக்குள் 'செடிக்காரர்' என்று பெயர் வைத்தாள். பயிற்சி இல்லாத குரலும் அவள் ஆய்வுக்கு வேண்டியிருந்தது. பதிவைக் கெடுத்ததற்குத் தண்டனையாக, வாராவாரம் வந்து பாடச் சொன்னாள்.

"என் குரலா? செடியே வாடிப்போகும், டாக்டரம்மா."

"இன்னும் டாக்டர் ஆகல."

"ஆகாம எங்க போயிடுவீங்க?"

தவறாமல் வந்தான். சுமாராகத்தான் பாடினான். ஒரே ஒரு குறை... பாட்டு முடிந்த பிறகும், இன்னும் ஒரு வரி பாக்கி இருப்பதுபோல நீளமாக மூச்சிழுப்பான். "அவ்வளவுதான், முடிஞ்சுது!" என்று அவள் பொத்தானை அழுத்திவிடுவாள். ஆய்வேட்டில் அந்த மூச்சுக்கு நேரே 'பிழை' என்று எழுதினாள்.

அவளுக்குள்ளும் ஆசை துளிர்க்காமல் இல்லை. ஆனால் வீம்பு! 'அவர் சொல்லட்டுமே... நானா வாய்விட்டுக் கேட்பேன்?'

ஒருநாள் பாட வராமல் வாசலிலேயே நின்றான். "தூரத்து ஊர்ல வேலை கிடைச்சிருக்கு..." என்று மூச்சிழுத்தான். அவளுக்குச் சுருக்கென்றது. விட்டுப் போகத்தான் இத்தனை நாள் வந்தாரா?

"ரொம்ப சந்தோஷம். நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றாள் வெடுக்கென்று.

இழுத்த மூச்சை மெல்ல விட்டான். போய்விட்டான்.

காலம் யாருக்காக நின்றது? வாய்மொழித் தேர்வு நாளும் வந்தது. தேர்வாளராக வந்த அம்மையார் பதிவுகளையெல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"காரணமில்லாம யாரும் மூச்சிழுக்க மாட்டாங்க, அடுத்து ஏதோ சொல்லப்போறாங்கன்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க. அப்புறம் இந்தக் குரலுக்கு மட்டும் ஏம்மா பிழைன்னு போட்டீங்க? பாவம், என்ன சொல்ல வந்தாருன்னு கேட்டீங்களா?"

அரங்கமே கைதட்டி அவளை டாக்டர் என்றது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை. வராந்தாவுக்கு ஓடிவந்து அவனுடைய பழைய எண்ணை அழைத்தாள்.

"டாக்டரம்மா!" அதே குரல்.

"ஆயிட்டேன்... இன்னைக்குத்தான்." என்றாள். "பாட்டு முடிஞ்சதும் மூச்சிழுப்பீங்களே... அப்ப என்ன சொல்ல வந்தீங்க? இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன். எனக்கு உங்களை... ரொம்பப் பிடிக்கும்."

மறுமுனையில் அந்த நீண்ட மூச்சு. அவள் காத்திருந்தாள்.

"எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

'இருக்கு' இல்லை... 'இருந்துச்சு'.

"ஏங்க, யாரு போன்ல?" அவன் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"என் சிநேகிதிம்மா. இன்னைக்கு டாக்டர் ஆயிட்டாங்க!" அந்தக் குரலில் எவ்வளவு பெருமை!

"உங்க மூச்சைப் பிழைன்னு எழுதிவச்சிருந்தேன்" என்றாள், கண்ணீர் குரலில் தெரியாமல். "திருத்திடறேன். ரெண்டு பேரும் நல்லா இருங்க..."

இந்த முறை வெடுக்கென்று இல்லை. மனதார.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் மூச்சிழுத்தாலும், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கிற காது ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். சொல்ல நினைத்ததெல்லாம் சொல்லி, கேட்க நினைத்ததெல்லாம் கேட்டு, உங்கள் குடும்பம் தழைத்து வாழட்டும்.