நாக்கு எட்டாத இடம்

பூனை சூசியைக் கீழே இறக்கிவிட்டு, தனியாக நின்றபடி வெரோனிக்கா எடை மெஷினைக் குனிந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு. காலையில் கிளினிக்கில் ஏறி நின்றபோது ஐம்பத்தைந்துதான் இருந்தாள். பகலில் ஒரு கை கூடுதலாகப் பிடித்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றின் மேல் பழியைப் போட்டாள்.

பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை நின்று கழித்துப் பார்க்கச் சொன்னது நூர் பீவிதான். ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கத்தில் பூனைத் தீனிக் கடை வைத்திருப்பவள். சூசிக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து அவளிடம்தான் வாங்கினாள்.

"நாலு கிலோக்குக் கீழன்னா இந்தப் பெட்டி, மேலன்னா அது. எடை பாக்காம போடாதீங்க லா, அக்கா. பிடரில விடணும், அதோட நாக்கு எட்டாத இடத்துல."

"பூனைக்கு உள்ளதுதானே? நல்லா பாத்துச் சொல்லு."

"எத்தன தடவ கேப்பீங்க? பூனைக்குத்தான்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. போன மாதம்வரை அவளிடம் கோப்பி என்றொரு கருப்புப் பூனையும் இருந்தது. அதற்காக வேறொரு கடையில் 'கூத்து மருந்து' என்று மட்டும் கேட்டு வாங்கினாள். மலாயில் பேனும் கூத்து, தெள்ளுப்பூச்சியும் கூத்து, உண்ணியும் கூத்து. பெட்டியில் நாயின் படம் இருந்ததைப் பார்க்கத்தான் செய்தாள். எந்த உடம்பில் இருந்தாலும் கூத்து கூத்துதானே என்று பிடரியில் ஊற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலமே கோப்பிக்கு வலிப்பு வந்தது. நாய் மருந்து பூனைக்கு விஷம் என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டு அனுப்பியும் நிற்கவில்லை. துடித்துக்கொண்டே அவள் தோளில் ஏறி, முதுகுச் சட்டையில் நகங்களை மாட்டிக்கொண்டு செத்துப்போனது. விறைத்த நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. பாவி, நானே கொன்றேன் என்று அழுதாள். சூசிக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மெஷின்தான் கெட்டிருக்க வேண்டும் என்று ஐந்து கிலோ அரிசிப் பையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாக ஐந்து காட்டியது.

மறுபடி ஏறினாள். ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மண்ணெண்ணெயும் சூடமும் கலந்ததுபோல மூக்கில் ஏறும், கோப்பிக்கு ஊற்றிய மருந்தின் வாடை. புது மருந்தை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. பெட்டி ஒட்டுப் பிரியாமல் மேசைமேல் இருந்தது. சட்டையின் பின்கழுத்து ஈரமாகித் தோலோடு ஒட்டியது.

"சூசி, இங்க வாம்மா."

சூசி வரவில்லை. காதுகளை மடக்கிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தது. அவள் முகத்தை அல்ல. அவள் தோளுக்குப் பின்னால்.

கூடுதல் எடையைக் கணக்கிட்டாள். மூன்று புள்ளி எட்டு.

ஃபிரிட்ஜ் கதவில் போன மாதம் டாக்டர் கொடுத்த சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் படித்தாள். கோப்பி. 3.8 கிலோ.

முதுகுச் சட்டை இழுபட்டது.

நகம். இன்னொரு நகம். மேலே ஏறுகிறது. மெல்ல.

மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். காதுக்குப் பக்கத்தில். நடுங்கும் மூச்சு.

கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தாள். கை எழவில்லை.

பிடரியில், மருந்து விடும் அதே இடத்தில், சொரசொரப்பான சின்ன நாக்கு ஒன்று ஈரத்தை நக்கத் தொடங்கியது.