நல்ல செம்பு வரும் வரை

காரின் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் மீட்டரின் முள் அசைந்துகொண்டிருந்தது.

கார்களுக்கு மின்வேலை பார்க்கும் அவனைத் தெருவில் எல்லோரும் வயர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர்களுக்கே அவன் சொந்தப் பெயர் இந்நேரம் மறந்திருக்கும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் தன் வண்டியின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, மழை தகரத்தில் விழும் இரைச்சலும் பழைய ஆயில் வாடையும் ஈர மண்ணின் வாடையும் கலந்த அந்த மங்கல் மாலையில் அவன் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். லேசாக எழுந்தது, படுத்தது. எழுந்தது, படுத்தது. மீட்டரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். கோளாறு வந்த எதையும் முதலில் தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். முள் அதைச் சட்டை செய்யவில்லை.

ஊர் வண்டியெல்லாம் ஓடும், அவன் வண்டி மட்டும் ஓடாது. இன்ஜின் சூடேறினால் நடுரோட்டில் நின்றுவிடும். வயதான வண்டி, சென்சார்களுக்குப் போகும் வயர்களின் மேலுறை வெந்து, காய்ந்து, தொட்டால் பிஸ்கட் தூளாக உதிர்ந்தது. நாளை நாளை என்று தள்ளிப்போட்டவனுக்கு இனி நாளை இல்லை. மனைவிக்கு மாதம் நிறைந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பிரசவத்தில் கூப்பிட்ட வாடகை வண்டி வந்து சேரவே இல்லை. அந்தக் குழந்தை பிறந்தது, ஆனால் அழவில்லை. அதன் பிறகுதான் கையில் இருந்ததைப் போட்டு இந்த வண்டியை வாங்கினான். இந்தத் தடவையும் வழியில் நின்றுவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"முடிஞ்சுதா, இல்ல இன்னும் உங்க ரெண்டாவது பொண்டாட்டி அந்த வண்டியோட கொஞ்சிக்கிட்டுதான் இருக்கீங்களா?" சமையலறையிலிருந்து அவள் குரல்.

"வந்துட்டேன்மா. ரெண்டே வயர்."

முதலில் இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் வயர். கட்டரை வைத்து நறுக்கினான்.

"ஏங்க, இந்தத் தண்ணிக்கு என்னாச்சு? கொதிக்குது, ஆவி பறக்குது, கைய விட்டா சூடே தெரியலையே!"

"அதுல எதுக்குக் கைய விடற?" என்று கத்திக்கொண்டே புது வயரை முறுக்கி இணைத்தான்.

அலறல். ஓடினான். அவள் கை மணிக்கட்டு வரை சிவந்து கன்றிப்போயிருந்தது. குழாயைத் திறந்து அந்தக் கையைத் தண்ணீரில் பிடித்தான். "எனக்கு ஒண்ணுமில்ல, போங்க. போய் வண்டியப் பாருங்க," என்று அவளே அவனைத் தள்ளி அனுப்பினாள். அவளுக்கும் பயம் இருந்தது. வண்டி ஓட வேண்டும் என்பதுதான் இருவருக்கும் பெரிதாக இருந்தது.

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டான். கொட்டகையில் மழைச் சத்தம் கூடியிருந்தது. பல்பைச் சுற்றிப் பூச்சிகள். முள் எழுந்து படுத்துக்கொண்டிருந்தது, இப்போது கொஞ்சம் வேகமாக.

அடுத்தது நாக் சென்சாரின் வயர். இன்ஜினுக்குள் ஏதாவது இடித்தால், உதைத்தால், அதைக் கேட்டுச் சொல்வதற்காகவே வைத்த சென்சார். மீட்டர் அதில்தான் மாட்டியிருந்தது. நறுக்கினான். உள்ளே செம்பு கருத்துப்போயிருந்தது. கருத்த செம்பில் இணைப்பு நிற்காது. நல்ல செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், தொழிலில் எல்லோரும் அப்படித்தான். கொஞ்சம் வெட்டினான். கருப்பு. இன்னும் கொஞ்சம். பச்சைக் களிம்பு. இந்தப் பக்கம் வெட்டினான், அந்தப் பக்கம் வெட்டினான். அவசரக்காரன் கை நிற்காது. பளபளவென்று செம்பு தெரிந்தபோது இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம். வெட்டிய துண்டுகள் காலடியில் கிடந்தன.

முள் படுத்திருந்தது. எழவில்லை.

அவள் வாசற்படியில் வந்து நின்றாள். வயிற்றில் கை. "காலையிலேருந்து ஒரே உதை. இப்பதான் ஓஞ்சுது. அசைவே இல்ல. அப்பாடான்னு இருக்கு. கொஞ்ச நேரம் படுக்கிறேன்."

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான், படுத்துக் கிடந்த முள்ளைப் பார்த்தான். என்னவென்று சொல்வான்?

அவள் உள்ளே போனதும் பாய்ந்தான். புது வயரில் ஒரு துண்டு. முறுக்கினான். முள் அசையவில்லை. பிரித்தான், மறுபடி முறுக்கினான், பல்லால் உறையை உரித்து இன்னொரு வயர் போட்டான். அசையவில்லை. கீழே கிடந்த பழைய துண்டுகளைப் பொறுக்கினான். விரலில் பொடியாயின. "எந்திரி... எந்திரிடா செல்லம்..." முள்ளிடம் கெஞ்சினான்.

கடைசியில் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இடக்கை விரல்களால் ஒரு முனையையும் வலக்கை விரல்களால் மறுமுனையையும் பிடித்தான்.

உதை.

அவன் நெஞ்சுக்குள். இடக்கையில் ஏறி, மார்பைக் கடந்து, வலக்கையில் இறங்கியது. சின்னது. உயிருள்ளது. முள் எழுந்தது.

"ஐயோ, என்ன உதை உதைக்கிறான்!" உள்ளேயிருந்து அவள் சிரித்தாள்.

அவனுக்கு அழுகை வந்தது. ஒரு விரலை மட்டும் லேசாகத் தளர்த்திப் பார்த்தான். முள் விழுந்தது. சட்டென்று மறுபடி அழுத்தினான். எழுந்தது, முன்னைவிட மெதுவாக.

இனி விடக் கூடாது.

மழை. கழுத்தில் வியர்வை. தோள் கடுத்தது. போன் மேஜையில், எட்டாத தூரத்தில். முள் எழுந்தது, படுத்தது.

"ஏங்க..."

இந்தத் தடவை குரல் வேறு. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புடவை கால்வரை நனைந்திருந்தது.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு. வண்டிய எடுங்க."

"போன எடு. யாரையாவது கூப்பிடு."

"யாரு வருவா இந்த மழையில? அன்னைக்கு வந்தாங்களா? எடுங்க வண்டிய!"

"கைய எடுக்க முடியாதும்மா. எடுத்தா குழந்தை..."

அவள் வயர்களைப் பார்த்தாள். திறந்து கிடந்த வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவள் முகம் உடைந்தது.

"நான் சாகப்போறேன். உங்களுக்கு வயரா?"

வலி வந்தது. அவள் குனிந்தாள். பிடித்துக்கொள்ள எதையாவது தேடி, வெந்த கையும் வேகாத கையுமாக அவன் வலது மணிக்கட்டைப் பற்றினாள்.

"தொடாத. தொடாதம்மா. விடு!"

வலியில் இருந்தவளுக்குக் காது கேட்கவில்லை. முழுப் பாரமும் அந்த மணிக்கட்டில். இழுத்தாள். வயர் விறைத்தது. விடாமல் அழுத்தினான். செம்பு இழைகள் விரல்நுனியில் இறங்கின. ரத்தம். விரல்கள் வழுக்கின.

"வாங்க," என்றாள் அவள். "வாங்க, போலாம்." இன்னும் பலமாக இழுத்தாள்.

கடைசி இழையில் அவன் விரல்தோல் மட்டும் ஒட்டிக்கொண்டு, மெல்ல, மெல்ல நீண்டது. முள் பாதி எழுந்து நின்று நடுங்கியது.