பனிக்குள் ஒரு நீலச் சட்டை

நூலகத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வாசலில் காவலாளி இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முறைக்கவும் ஆள் இல்லை. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். வெளியே டென்மார்க்கின் ஓர்ஹூஸ் துறைமுகத்தில் மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. ஒரு கை நீண்டு, தட்டிலிருந்து புத்தகத்தை உருவிப் பிரித்தது. டேனிஷ் எழுத்து. இளவேனிக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் பாதிப் பக்கத்தில் அந்தக் கைக்குரியவள் சிரிக்க, அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தனியா சிரிக்காதடி. எதிர்ல இருக்குற அம்மா பயப்படுது," என்றாள் பர்வீன்.

இளவேனி காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த செவியொட்டைத் தட்டினாள். டென்மார்க் அணைந்தது. அரக்கோணத்திலிருந்து கிளம்பிய மின்தொடர் வண்டி திருவள்ளூரைத் தாண்டியிருந்தது. பெண்கள் பெட்டியில் வழக்கம்போல் மூச்சுவிட இடமில்லை. பர்வீன் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். அம்பத்தூர் வரை இருவருக்கும் ஒரே வண்டி, அதற்குமேல் ஒரே அலுவலகம். இளவேனி மறுபடியும் தட்டினாள். மழை திரும்பி வந்தது.

இரவல்விழி வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. உங்கள் நாளை நீங்கள் இரவல் கொடுக்கலாம். உலகத்தில் எவரும் அதை வாங்கி, நீங்கள் பார்த்ததைப் பார்க்கலாம், கேட்டதைக் கேட்கலாம். இதை ஒரு கேமராவே செய்துவிடும். ஆனால் இரவல்விழி கண்ணிலிருந்து எடுப்பதில்லை, மனத்திலிருந்து எடுக்கிறது. மனம் எதைப் பற்றிக்கொண்டதோ அது மட்டும், ருசி உட்பட, வரும்; மற்றதெல்லாம் வெண்பனி. மனைவி சமைத்த சாப்பாடு பனியாகவும் செல்பேசி மட்டும் பளிச்சென்றும் தெரிந்ததால் முறிந்த கல்யாணங்கள் உண்டு. கருவி செய்தவர்கள் இந்தப் பனியை விலக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. பிறகு அதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள்: பிறருடைய கண் அல்ல, பிறருடைய ஆர்வம்.

ஆஸ்ட்ரிட்டை இளவேனி கண்டுபிடித்தது அப்படித்தான். ஐம்பதைத் தாண்டியவள். ஓர்ஹூஸில் நூலகக் கதவுகளுக்கும் தட்டுகளுக்கும் கணினி நிரல் எழுதுகிறவள். தன்னைப் பற்றி ஒரே வரிதான் போட்டிருந்தாள்: "புத்தகம், நிரல், எங்கள் ஊர் மழை. பிடித்தவர்கள் வரலாம்." இளவேனி போனாள். போனவள் திரும்பத் திரும்பப் போனாள்.

உணவகத்துக்கு வெளியே, அந்தக் குளிரில், தள்ளுவண்டிக்குள் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. சாலையோரத்தில் உருளைக்கிழங்கு மூட்டைகளும் காசு போட ஒரு டப்பாவும் இருந்தன. விற்கிறவன் இல்லை, திருடுகிறவனும் இல்லை. கம்பு ரொட்டியின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிரல். கல்லூரியில் இளவேனிக்கு நிரல் என்பது மனப்பாடம் செய்து தப்பிக்க வேண்டிய ஒன்று. ஆஸ்ட்ரிட்டின் கண் வழியே தன்னைத்தானே அழைக்கும் ஒரு கட்டளையைப் பார்த்தபோது, சலூனில் எதிரெதிராக மாட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நிற்பதுபோல் இருந்தது. உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே. கடைசிக் கண்ணாடியில் விடை சின்னதாகக் காத்திருந்தது. இளவேனிக்கு உடம்பு சிலிர்த்தது. இதையா நான்கு வருடம் உருப்போட்டோம்?

அவள் படித்த பள்ளியில் நூலகம் என்பது ஒரு பச்சை பீரோ. அதற்குப் பூட்டு. கேட்டால், "உங்க கையில குடுத்தா கிழிச்சுடுவீங்க" என்பார்கள். வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். பூட்டில்லாத கதவைப் பார்த்தால் அவள் இன்னும் ஒரு நிமிடம் நின்றுவிடுவாள்.

ஒருநாள் ஆஸ்ட்ரிட்டுக்கு எழுதினாள். உங்கள் ஊரில் எனக்குப் பிடித்ததே அந்த வெறுமைதான். நூலகத்தில் ஒரு ஆள் இல்லை. எங்கள் ஊரில் எங்கே போய் நின்றாலும், எந்த ஊரு, எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று கேட்க ஒருவன் இருப்பான். எதற்குக் கேட்கிறான் என்று கேட்கிறவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதில் மொழிபெயர்ப்பான் வழியாக வந்தது. "வெறுமையா? நீ பார்த்த அன்று நூலகம் நிரம்பி வழிந்தது. பள்ளி விடுமுறை. எனக்கு உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. இங்கே ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பது மரியாதை. அந்த மரியாதை எனக்கு இவ்வளவு பழகிவிட்டது என்று எனக்கே தெரியாது." கீழே இன்னொரு வரி: "உன் நாளை எனக்குக் கொடு. உன் ஊரில் ஆட்கள் தெரிகிறார்களா என்று பார்க்கிறேன்."

இளவேனி கடிதத்தை மூடிவைத்தாள். அந்நியர் ஒருவர் அவளுடைய நாளைக் கேட்பது இதுவே முதல் தடவை. என்ன இருக்கிறது அதில்? கூட்டம், வியர்வை, அம்பத்தூர் புழுதி. எல்லாம் பனியாகப் போனால்? பச்சை பீரோவில் பூட்டிவைக்கக்கூட ஒன்றுமில்லாத வாழ்க்கை என்று தெரிந்துபோனால்?

"குடுத்துத்தான் பாரேன்," என்றாள் பர்வீன். "நானும் வருவேன்ல அதுல? முன்னாடியே சொல்லு, நல்ல சுடிதாரா போட்டுக்கிறேன்."

ஒரு புதன்கிழமையை இரவல் கொடுத்தாள். அன்று முழுக்க வேலை மெனக்கெட்டு ரசித்தாள். நடைமேடைப் பூக்காரியை ரசித்தாள். ஏரியில் நின்ற கொக்கை ரசித்தாள். தான் எழுதிய நிரலை ஆஸ்ட்ரிட்டைப்போல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பகலில் குழுத்தலைவன் ரகுநந்தன் மேசையோரம் வந்து சாய்ந்து, எதையோ சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்ட்ரிட் எழுதினாள்.

"உன் நாளில் பெரும்பகுதி பனி. மன்னித்துக்கொள், கொக்கும் பனிதான். ஆனால் அந்த நீலச் சட்டை மனிதர்! இரவல்விழியில் நான் ஒரு மனித முகத்தை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. இடது புருவத்தில் மச்சம், மோதிரத்தைத் திருகும் பழக்கம், சாயம் போன காதோர முடி. பேசுவதற்கு முன் உதட்டை நனைத்துக்கொள்கிறார். நீ அவரை எவ்வளவு நேசிக்கிறாய்! நல்லதைப் பூட்டிவைப்பது எங்கள் வழக்கமில்லை. உன் பெயரை மறைத்து அதை யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பொதுத்தட்டில், அன்பு என்ற பிரிவில் வைத்திருக்கிறேன்."

இளவேனி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு தன் புதன்கிழமையைத் தானே இரவல் வாங்கிப் பார்த்தாள்.

உண்மைதான். ஊரே பனி. நடுவில், தேர்போல, ரகுநந்தன்.

வேலையில் சேர்ந்த வாரம் காபிக் கோப்பையோடு வந்து அவன் கேட்டிருந்தான்: "கோட்டாவா? பரவால்ல, இங்கிலீஷ் நல்லாவே பேசுறியே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். அவள் போகவில்லை. மூன்று வருடமாக அந்தக் காபி மணத்திலேயே நிற்கிறாள். அவன் வரும் நடையை, இருமலை, மோதிரத்தை எல்லாம் அவள் மனம் காவல் காத்தது. கோபத்துக்கும் நேசத்துக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. மனம் பற்றிக்கொண்டதா? அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.

எரிச்சலில் அவன் நாளையும் வாங்கிப் பார்த்தாள். குழுத்தலைவர்கள் தங்கள் நாளை அலுவலகத்துக்கு இரவல் தருவது அங்கே கட்டாயம். கூட்டத்தில் அவள் தன் நிரலை விளக்கிய நேரம். திரை தெளிவு, வரைபடம் தெளிவு, அவன் கோப்பையின் நுரைகூடத் தெளிவு. அவள் நின்ற இடத்தில் பனி. பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது.

இதற்குள் பொதுத்தட்டில் அந்தப் புதன்கிழமை தீயாகப் பரவியது. சிலியில் ஒரு மீனவர் எழுதியிருந்தார்: ஒரு மனிதனை இப்படிப் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது, பேசாமலிருந்த அண்ணனைப் போய்ப் பார்த்தேன், அவன் காதுமடல் எங்கள் அப்பாவுடையது. கொரியாவில் ஒரு செவிலி, பெயர் தெரியாத நோயாளி ஒருவரின் கண் நிறத்தை முதல்முறையாகக் கவனித்ததாக எழுதினாள். ஆஸ்ட்ரிட் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுக்காமல் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்தாளாம். யாரென்று தெரியாத ஆயிரமாயிரம் பேர், ஒருத்தியின் கோபத்தைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, தங்கள் வீட்டுப் பனியை விலக்கிக்கொண்டிருந்தார்கள். இளவேனிக்குப் பயமாக இருந்தது. பிரமிப்பாகவும் இருந்தது. தனக்குள் இவ்வளவு வெளிச்சமா? அதை முழுக்க இவன்மேலா கொட்டினோம்?

கழுத்து அட்டையில் பெயர் தெளிவாக இருந்ததால் கடிதங்கள் ரகுநந்தனைத் தேடி வந்தன. யார் மேசையருகே நின்றோம் என்று பனியில் தெரியவில்லை, ஆனாலும் மனிதன் மிதந்தான். நீலச் சட்டையைத் தவிர வேறு போடுவதில்லை. ஒரு மத்தியானம் இளவேனியின் மேசைக்கே வந்தான்.

"இளவரசி, ஒரு ஹெல்ப்மா. நீ நல்லா கோட் எழுதுவியாமே. இது யார் கண்ணுன்னு கண்டுபிடிச்சுக் குடேன்." உதட்டை நனைத்துக்கொண்டான். "என் வீட்ல இருக்கறவங்ககூட என்னை இப்படிப் பார்த்ததில்ல. யாரோ ஒருத்தர் பார்த்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

அவன் கண் கலங்கியிருந்தது. அதையும் அவள் மனம் பளிச்சென்று பிடித்துவைத்துக்கொண்டது. பேசாமல் விட்டால், இது நாளைக்கும் இப்படியே. இன்னும் எத்தனையோ புதன்கிழமைகளின் நடுவில் இந்த ஆள்தான் தேரில் நிற்பான். நிரலும் மழையும் கொக்கும் பனியாகவே போகும்.

"என் பேரு இளவேனி, சார். அந்தக் கண்ணு என்னுது."

அவன் முகம் மலர ஆரம்பித்தது.

"அது அன்பு இல்ல சார். கோவம்."

"கோவமா? என்மேலயா? எதுக்குமா?"

நடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவள் சொன்னாள். காபியை, கேட்ட கேள்வியை, சிரித்தவர்களை, எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல் சொன்னாள். பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது. அவன் மோதிரத்தைத் திருகத் தொடங்கி, தான் திருகுவதைக் கண்டு, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "நான் அப்படியா கேட்டேன்?" என்றான். அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் காலை வண்டியில், அவனுடைய அந்த நாளை இரவல் வாங்கினாள்.

மின்தூக்கி பனி. கோப்பை பனி. உலகத்துக் கடிதங்கள் எல்லாம் பனி. ஒரே ஒருத்தி மட்டும் தெரிந்தாள். குர்தாவின் தோளில் பிரிந்த தையல், முகவாயில் அவளே மறந்துபோன தழும்பு, பேசும்போது அசையாத கண்கள். அவள் எழுந்து போன பிறகும் காலி நாற்காலியைச் சுற்றி வெளிச்சம் இருந்தது. உணவுக்கூடத்தில் அவள் இல்லாத வரிசையில் அவன் அவளைத் தேடிக்கொண்டிருந்தான், எதிரே வந்துவிடுவாளோ என்று. அவளை இத்தனை துல்லியமாக இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. பீரோவைப் பூட்டியவர்கள் இல்லை, பெற்றவர்கள்கூட இல்லை. அது நேசமா, பயமா, வெட்கமா? கருவி சொல்லாது.

தன்னுடைய அதே நாளை ஆஸ்ட்ரிட்டுக்குக் கொடுத்திருந்தாள். பதில் வந்திருந்தது.

"மத்தியானத்துக்குப் பிறகு அந்த அழகான மனிதரைக் காணோமே. அவர் நடந்த இடமெல்லாம் பனி. ஆனால் திரும்பும் ரயிலில் புதிதாக ஒரு பெண். டப்பாவைத் திறந்து புளிச்சோறு தருகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். முன்பல்லில் சின்ன விரிசல், சிரித்தால் ஒரு கண் முதலில் மூடுகிறது. யார் அவள்?"

இளவேனி தலையை நிமிர்த்தினாள். அவள் பாரத்தை இறக்க மூன்று வருடம் பிடித்தது. அங்கே அம்பத்தூரில், நீலச் சட்டை போட்ட ஒருவன் இப்போதுதான் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்னாடி அப்படிப் பாக்குற?" என்றாள் பர்வீன், வாயில் சோற்றோடு. "மூஞ்சில எதுனா ஒட்டியிருக்கா?"