முந்திக்கொண்ட நன்றி

நன்றி முதலில் வந்து நின்றது. அதற்கு மேலே இருக்க வேண்டிய பின்னூட்டத்தைக் காணவில்லை.

'அக்கா, தங்கள் ஆறுதலுக்கு நன்றி.'

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த பிற்பகல். ஜன்னல் கண்ணாடியில் ஈரம் கோடு கோடாக இறங்க, கணினியிலிருந்து சூடான தூசியின் வாடை எழ, அடுத்த அறையில் மகள் குட்டி ஸ்கிப்பிங் கயிற்றைத் தரையில் சடார் சடாரென்று அறைந்து குதித்துக்கொண்டிருக்க, அவன் அந்த ஒற்றை வரியையே பார்த்திருந்தான். இறந்துபோன மனைவிக்காக அவனே கட்டிய நினைவுத் தளம் அது. இணையதளம் கட்டுவதுதான் அவன் பிழைப்பு. யாராவது பின்னூட்டம் இட்டதும் ஓடி, அவர்கள் கொடுத்த பெயரைச் சேர்த்து, அவன் சார்பில் நன்றி சொல்ல ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தான். அவள் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் எட்டிப் பார்க்காதவர்கள் இப்போது பத்தி பத்தியாக உருகினார்கள். அவர்களுக்குப் பதில் எழுத அவன் கை கூசியது. நிரலுக்குக் கூச்சம் இல்லை.

ஆனால் பின்னூட்டம் வந்தால்தானே அது ஓட வேண்டும்?

அக்காவுக்குப் போன் போட்டான்.

"இப்ப நம்ம சைட்ல ஏதாவது கமெண்ட் போட்டியா?"

"இல்லையேடா, துணி மடிச்சிட்டிருக்கேன். போட்டாத்தான் என்ன, பேப்பர்காரருக்கும் எனக்கும் ஒரே நன்றியை நீட்டுவ. கூடப் பொறந்தவளுக்கு 'தங்கள்' ஒரு கேடு!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாய் திறந்தபோது, நன்றிக்கு மேலே பின்னூட்டம் விரிந்தது.

'குட்டியுமா? அவ அம்மா போன துக்கமே இன்னும் ஆறலையே. எப்படிடா தாங்குவ? - அக்கா.'

தேதி நாளையது.

"டேய், லைன்ல இருக்கியா?" என்றாள் அக்கா, காதுக்குள்.

"குட்டி!" என்று கத்தினான்.

"என்னப்பா?"

கயிறு நிற்கவில்லை. சடார். சடார்.

போனை வைத்தான். அந்த நிரலைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அழித்தான். பின்னூட்டப் பெட்டியையே மூடினான். பக்கத்தைப் புதுப்பித்தபோது விரல் நுனி வியர்வையில் வழுக்கியது.

'டீச்சர், தங்கள் ஆறுதலுக்கு நன்றி.'

'வேன் டிரைவர், தங்கள் ஆறுதலுக்கு நன்றி.'

'பக்கத்து வீட்டு ஆன்ட்டி, தங்கள் ஆறுதலுக்கு நன்றி.'

மேலே வெற்றிடங்கள். ஒவ்வொன்றும் ஒருவர் வந்து நிற்கும் அளவுக்கு.

ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கி எறிந்தான். அவளைத் தூக்கி வந்தான். கதவைத் தாழிட்டான். ஜன்னலைச் சாத்தினான். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் இருத்திக்கொண்டான்.

"நான் என்னப்பா பண்ணேன்? கயித்தைக் குடுங்க."

"ஒண்ணும் பண்ணல. அப்பாகிட்டயே இரு. நாளைக்கு ராத்திரி வரைக்கும் இப்படியே இரு."

"நாளைக்கு ஸ்கூல் இருக்கே, லூசு அப்பா."

அவள் தலைமுடியில் வியர்வையும் சோப்பும் மணந்தன. நெஞ்சோடு சேர்த்து அணைத்தான். திரையில் வெற்றிடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. டீச்சர். வேன் டிரைவர். எல்லோரும் உருகினார்கள். எல்லோருக்கும் அதே நன்றி.

"அப்பா, இறுக்காதீங்க."

"சரிடா. சரி."

யாரும் உள்ளே வர முடியாது. எதுவும் தொட முடியாது. கைகளை இன்னும் நெருக்கிக் கோத்துக்கொண்டான்.

"அப்பா..."

கடைசியாக, அக்காவின் பின்னூட்டத்துக்குக் கீழே இன்னொரு பதில் வந்தது. அவன் பெயரில். நிரலின் வாசகம் அல்ல.

'நான் எங்கயும் போகலக்கா. மடியிலதான் வெச்சிருந்தேன். விடவே இல்ல.'

மழை நின்றிருந்தது. அறையில் ஒரே ஒரு மூச்சுச் சத்தம்.

தோளில் சாய்ந்திருந்த தலை கனத்தது.

அவன் குனிந்து பார்க்கவில்லை. கைகளைத் தளர்த்தவும் இல்லை.