மழை தின்ற பங்கு

"உங்க அக்காகிட்ட சொல்லு ஷாலினி... இன்னைக்கு அவ ஹாலுக்கு வர வேண்டாம்னு சொல்லு!"

ஆறுமுகத்தாய் அடுப்பை அணைத்தாள். அக்கா என்று அவர் சொன்னது அவளைத்தான். தாராவியில் கோலி என்று சொல்லும் அந்தச் சின்ன அறைக்குள், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நின்றுகொண்டுதான் பூலோகம் இப்படித் தம்பி பெண்டாட்டியிடம் சொல்லி அனுப்பினார். கட்டிய மனைவியோடு அவர் நேராகப் பேசி நான்கு மாதமாகிறது.

"மாமா, அக்கா இல்லாம எப்படி? தாராவி ஆளுங்களுக்கு எல்லாம் அவங்கதான..." என்று இழுத்தாள் ஷாலினி. தோளில் கைக்குழந்தை சிணுங்கியது.

"மானத்த வாங்கினது போதும்னு சொல்லு. கடைசி நாளாவது நாலு பேரு முன்னாடி தல நிமிந்து நிக்கேன்!"

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். படியில் உட்கார்ந்திருந்த மாரிசெல்வம் அண்ணனுக்கு வழிவிட்டு எழுந்தான். மைனி ஆறுமுகத்தாயின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அந்த மாரிசெல்வம் அவள் வளர்த்த பிள்ளை. அவள் பூலோகத்தைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்தபோது அவனுக்குப் பால்பல் கூட விழவில்லை. மாமியார் அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். குளிப்பாட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது எல்லாம் ஆறுமுகத்தாய்தான். அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. 'அதான் மாரி இருக்கானே' என்று சொல்லிச் சொல்லியே அந்தக் குறையை அவள் மறந்திருந்தாள்.

கூரியர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு விவசாயம் செய்யப்போகிறேன் என்று மாரிசெல்வம் வந்து நின்றபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. பம்பாய்க்கு வெளியே கர்ஜத் பக்கம் ரெண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தான். மருந்து அடிக்காத காய்கறி. குடும்பங்கள் மெம்பராகச் சேர்ந்து பருவத்துக்கு முன்பணம் கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விளைந்ததில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். வசதியான செம்பூர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவார்கள். அந்தக் கூடுதலில்தான் தாராவிக் குடும்பங்களுக்குப் பாதி விலையில் அதே கீரையும் காயும் கிடைத்தன.

மெம்பர் சேர்த்தது ஆறுமுகத்தாய். வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். "நல்லா விளைஞ்சா நெறைய வரும். மழையில போச்சுன்னா கொறைய வரும்... சில வாரம் ஒண்ணுமே வராது. அதுக்கும் சேத்துத்தான் பங்கு. சம்மதம்னா சேருங்க" என்று ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். அந்தப் பேச்சுக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு.

பூலோகத்துக்கும் அது மறுவாழ்வு. தோல் பை பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், கண் மங்கி வீட்டில் முடங்கிக் கிடந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் செம்பூர் சொசைட்டி ஹால் வாசலில் பங்கு பிரித்துக் கொடுக்க நிற்பார். "எங்க தோட்டத்துக் காய் சார், கண்ண மூடிட்டுச் சாப்பிடலாம்" என்பார். "பூலோகம் சார்" என்று அவர்கள் கூப்பிடும்போது அவர் முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிடும்.

போன ஐப்பசியில் விடாமல் மழை கொட்டியது. பங்கு மட்டும் குறையாமல் வந்துகொண்டிருந்தது! ஒரு சனிக்கிழமை, வீட்டில் கோணியைப் பிரித்த ஆறுமுகத்தாய் கையில் எடுத்த தக்காளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் ஒரே அளவு. ஒரே பளபளப்பு.

"மாரி... இது நம்ம தோட்டத்துத் தக்காளி இல்லையே?"

அவன் கதவைச் சாத்திவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"மைனி, எல்லாம் அழுகிப் போச்சு. வாஷி மார்க்கெட்ல வாங்கிப் போட்டேன். இந்த ஒரு வாரம் மட்டும்... அண்ணனுக்குச் சொல்லிராதீங்க மைனி!"

"கிறுக்கா உனக்கு? மழையில போச்சுன்னு சொன்னா அவங்க புரிஞ்சுக்கிட மாட்டாங்களா? அதுக்குத்தானல பங்குன்னு பேரு!"

"அடுத்த வாரம் நானே சொல்லிருதேன். உங்க மேல சத்தியம்."

அவள் நம்பினாள். அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அவள் செய்த பிழை.

அடுத்த ஞாயிறு ஹால் வாசலில் எல்லோரும் பை நீட்டி நிற்கும்போது, ஹரிதா என்ற மெம்பர் பெண் முன்னால் வந்தாள். "நேத்து பசங்களைக் கூட்டிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்க தக்காளிச் செடியே இல்ல. எல்லாம் தண்ணில அழுகிக் கெடக்கு. அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். கம்ப்ளெயின்ட் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருவேங்கடம் வந்தார். ரிட்டயரான பேங்க் அதிகாரி. அவர் மனைவிக்குப் புற்றுநோய். வேறெதுவும் இறங்காமல், இந்தத் தோட்டத்துக் கீரையை மசித்துக் கொடுத்தால் மட்டும் ரெண்டு வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதையாய்யா நான் அவளுக்கு ஊட்டிண்டிருந்தேன்? மருந்தடிச்ச சரக்கையா? உங்களை நம்பித்தானே..."

பூலோகம் திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தார். மாரிசெல்வத்தின் உதடு வெளுத்துவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு ஷாலினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டம் அவன் பேரில் இருக்கிறது. அவன் பேர் கெட்டால் எல்லாம் போயிற்று...

"நாந்தான் வாங்கிக் கலந்தேன்" என்றாள் ஆறுமுகத்தாய். "கொறையுதேன்னு புத்தி கெட்டுச் செஞ்சுட்டேன். தம்பிக்குத் தெரியாது." கணவரைக் கைகாட்டினாள். "அவ்வோளுக்கும் தெரியாது."

கூட்டம் அவளைப் பேசாத பேச்சில்லை. கும்பிட்ட கையை இறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பாதிப் பேர் விலகினார்கள். மீதிப் பேர், 'அந்தப் பொம்பள இனி காயில் கை வைக்கக்கூடாது' என்ற நிபந்தனையோடு நீடித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் பூலோகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீயாட்டி செஞ்சே?"

அவள் தலையசைத்தாள். அதோடு அவர் பேச்சு நின்றது.

"பொறுத்துக்கோங்க மைனி. பிள்ளை பொறக்கட்டும், நானே அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன்" என்று மாரிசெல்வம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிள்ளை பிறந்தது. பெயர் வைத்தார்கள். அவன் சொல்லவில்லை.

நடுவில் ஒருநாள், தோட்டத்தில் புதிதாகத் தழைத்த கீரையை எடுத்துக்கொண்டு திருவேங்கடம் வீட்டுக்குப் போனாள். அவர் கதவைத் திறந்தார். அவளைப் பார்த்தார். மூடிவிட்டார். தை மாதம் அவர் மனைவி இறந்துபோனாள். அந்தச் சாவுக்குக்கூட அவளால் போக முடியவில்லை.

இப்போது நிலமும் போய்விட்டது. சொந்தக்காரர் பங்களா கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். தோட்டத்தில் எஞ்சியதையெல்லாம் பறித்து, பருவக் கடைசியில் வழக்கமாகப் போடும் பொதுச் சாப்பாட்டை ஒரு தடவை போட்டு முடித்துவிடலாம் என்றிருந்தார்கள். அதுதான் இன்று. விலகிப் போனவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பூலோகம் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கோலி நுஸ்ரத் வாசலில் வந்து நின்றாள். "கிளம்புங்கக்கா. நீங்க வரலைன்னா எங்க சந்துல இருந்து ஒரு ஆளு வராது. பாதி வெலைக்கு நல்ல காயத் தின்னோம்னா அது யாரால? சலோ, பிகு பண்ணாதீங்க!"

ஆறுமுகத்தாய் போனாள். ஹாலின் பின்பக்கம் அண்டாக்களுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து சுரைக்காய் நறுக்கினாள். பூலோகம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மாரிசெல்வம் மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னையோட நம்ம தோட்டம் முடியுது. நிலத்த வித்துட்டாங்க. வேற நிலம் பாக்கலாம்னா அதுக்கு மெம்பர் வேணும். பாதிப் பேரு போயிட்டீங்க. ஏன் போனீங்கன்னு எனக்குத் தெரியும்..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "என் உழைப்புல கொறை இல்ல. எங்க வீட்டுலயே ஒருத்தங்க செஞ்ச தப்பு... வளத்தவங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன். அதுக்கு உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கேன்."

சுரைக்காய்த் துண்டு ஒன்று ஆறுமுகத்தாயின் விரலிலிருந்து நழுவியது. இடி விழுந்தாற்போல இருந்தது அவளுக்கு. யார் கேட்டார்கள் இவனை? இன்று யாருமே கேட்கவில்லையே...

"ஜூட்! சுத்தப் பொய்!"

ஷாலினிதான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடு ஹாலில் நின்றாள்.

"பஸ் கரோ மாரி, போதும்! அக்கா ஒரு தக்காளிகூட வாங்கல. வாஷிக்குப் போனது இவரு. ஒரு தடவை டெம்போல நானும் கூடப் போனேன். எனக்கும் தெரியும்... வயித்துல இவ இருந்தா, பயந்துட்டேன். இவரக் காப்பாத்தத்தான் அக்கா பழிய ஏத்துக்கிட்டாங்க. நாலு மாசமா அவங்க சோத்துத் தட்டுல கண்ணீர் விழுறத நான் பாத்துட்டிருக்கேன். இன்னும் எத்தனை தடவ அவங்களக் கொல்லுவீங்க?"

மாரிசெல்வம் மைக்கைக் கீழே வைத்தான்.

பூலோகம் எழுந்து வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தார். கையை ஓங்கினார்.

"கைய எறக்குங்க!" அண்டாக்களுக்கு நடுவிலிருந்து அவள் எழுந்து வந்தாள். "அடிக்கணும்னா நான் அடிச்சிருக்கணும். சின்னதுலயே அடிச்சிருக்கணும்."

"மைனி..." என்று அவன் அவள் காலில் விழுந்தான்.

"எந்திரி மாரி. அன்னைக்கு நீ பயந்தே. அதான் நான் சொன்னேன், சந்தோசமாத்தான் சொன்னேன். ஆனா இன்னைக்கு யாரும் உன்னக் கேக்கலயேய்யா... யாரும் கேக்காமலே என் தலையில போட்டுட்டியே!"

திருவேங்கடம் மெல்ல எழுந்து அவள் முன்னால் வந்து கைகூப்பினார்.

"என்னை மன்னிக்கணும்மா. அவ கடைசி வரைக்கும் கேட்டுண்டே இருந்தா... 'அந்த தாராவி மாமி வரலையா, கீரை கொண்டு வரலையா'ன்னு. நீங்க ஊருக்குப் போயிருக்கேள்னு பொய் சொன்னேன். வாசல்ல வந்து நின்ன உங்களைத் திருப்பி அனுப்பிட்டு..."

ஆறுமுகத்தாய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். "நானும் ஒரு வாரம் தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தேன் சார். அந்த வாரமும் அவங்க அதத்தான் சாப்பிட்டிருப்பாங்க. அத நெனச்சா எனக்கு ஒறக்கம் இல்ல."

"நீங்க நடத்துங்கம்மா. நாங்க எல்லாரும் திரும்ப வர்றோம்" என்றாள் ஹரிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள்.

"எங்க வச்சும்மா நடத்த? நிலத்துல கம்பி வேலி போட்டாச்சு. விளைஞ்சாத்தான பங்கு..." என்றாள் அவள்.

குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தன. "மொதல்ல எலையப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவளே வாளியைத் தூக்கினாள். தாராவிப் பெண்களும் செம்பூர்ப் பெண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். மாரிசெல்வத்தின் இலையிலும் அவள்தான் சாம்பார் ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவள் பையில் சேலைகளை மடித்து வைத்தபோது ஷாலினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "போகாதீங்க அக்கா... எங்களத் தண்டிக்காதீங்க!"

"தண்டனை இல்லட்டி. வாஷி பக்கம் கோபர்கைரனேல தங்கச்சி தனியா கெடக்கா. இட்லிக் கடைக்கு ஆளு வேணும்னு ரொம்ப நாளாக் கேக்கா." குழந்தையின் நெற்றியில் முத்தம் வைத்தாள். மாரிசெல்வம் கோலியின் மேல்தட்டிலிருந்து இறங்கி வரவில்லை.

சயன் பஸ் ஸ்டாப் வரைக்கும் பூலோகம் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பேச வாயெடுப்பார், நிறுத்திவிடுவார். கடைசியில் நடுத்தெருவில் நின்று குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

"நீயே செஞ்சேன்னு சொன்னியேட்டி... நான் என்ன செய்ய? நம்பிட்டேன்!"

"நான் சொன்னத நம்பினீங்க. தப்பு சொல்லல. ஆனா முப்பது வருசம் ஒரே பாயில கெடந்தவ... இவ இதச் செய்வாளான்னு ஒரு நாளாவது உங்களுக்குத் தோணிச்சா? அதத்தாங்க என்னால தாங்க முடியல."

"எப்ப வருவே?"

"தெரியல. கண்ணு டாக்டர்கிட்ட மறக்காமப் போங்க. சொட்டு மருந்த ஷாலினி ஊத்துவா."

பஸ் வந்தது. அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள்.

செம்பூர் தாண்டும் வரைக்கும் அவள் நேராகவே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று, ஆறுமுகத்தாய் அழுதாள்.