குளிர்காயும் பாலம்

"அம்மா, அந்த மாமாவுக்குக் குளிராதா?"

போன குளிர்காலத்தில், போலீஸ் காரின் பின்சீற்றில் இருந்துகொண்டு மேனுகா கேட்ட கேள்வி அது. பெரிய மண்ணிறக் கோட் ஒன்று அவளைச் சுற்றியிருந்தது. கோட்டுக்குரியவர் பாலத்துக்குக் கீழே தண்டவாளத்தில் கிடந்தார். ஜெயமதியின் கார் உறைபனியில் சுழன்று தடுப்பில் மோதி நின்றபோது, நடந்துபோன அந்த மனிதர்தான் ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தார். பிள்ளையைத் தூக்கித் தன் கோட்டைக் கழற்றிச் சுற்றித் தாயின் கையில் கொடுத்தார். பின்னால் வழுக்கிவந்த வான் வண்டி அவரை மட்டும் கொண்டுபோயிற்று.

ஜெயமதி கோட்டை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டாள். பிள்ளை திரும்பக் கேட்கவில்லை.

அவர் பெயர் பேரின்பநாயகம் என்று பிறகுதான் தெரிந்தது. திருகோணமலைக்காரர். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அறையில் தனியாக இருந்தவர். கோட்டை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. சாம்பலைக் கோயில்காரர்கள் ஆற்றில் கரைத்தார்கள். மட்டக்களப்பில் ஜெயமதியின் ஆட்கள் கார்த்திகை மாதம் முழுக்கக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். கல்லறை இல்லாதவருக்கு எங்கே கொளுத்துவது? அவள் பாலத்தில் கொளுத்தினாள். அவர் என்ன சமயம் என்று அவள் யோசிக்கவில்லை. குளிரில் நிற்பவருக்கு வெளிச்சம் கொடுப்பதைக் கடவுள் எந்தச் சமயத்திலும் குற்றமாகப் பிடிக்கமாட்டார் என்று நம்பினாள்.

விபத்துக்குப் பிறகு பாலத்தில் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். கூடவே நடைபாதை ஓரம் நெடுகச் சின்னக் குழாய்வாய்களும் வந்தன. பனி பிடிக்கப்போகிறது என்று பாலம் தானே அறிந்து, தன்மேல் மருந்துத் தண்ணீரை விசிறிக்கொள்ளும் என்று கீழ்வீட்டு ரதீசன் சொன்னான். அந்த இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் அவனுடைய வேலை. வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி நடக்கும் மாலைகளில் அந்தச் சீறலைக் கேட்க ஜெயமதிக்குப் பிடிக்கும். பிறகு, அச்சாறுப் போத்தலைத் திறந்ததுபோல லேசான வினாகிரி மணம் எழும். ஒரு மனிதர் செத்த பிறகாவது இந்த ஊருக்கு அறிவு வந்ததே என்று நினைத்துக்கொள்வாள்.

மெழுகுதிரியை அவள் அந்தக் கம்பத்தின் காலடியில்தான் வைத்துவந்தாள். பனி குவிந்து அதை மூடிக்கொண்டே இருந்தது. கம்பத்தின் நடுவில், வெள்ளைக் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்ததுபோல ஒரு கூடு இருந்தது. அதற்குக் கீழே ஒரு தகரத் தட்டு. காற்றுப் படாத இடம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, டெப்பனர் மூலைக்கடையில் வாங்கிய சிவப்புக் கண்ணாடி மெழுகுதிரியை அந்தத் தட்டில் ஏற்றிவைத்தாள்.

இன்று புதன்கிழமை. பாலத்தில் வினாகிரி மணம் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அதைத்தான் முதலில் உணர்ந்தாள். ஐந்து மணிகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது. வெர்க்ளா பெய்துகொண்டிருந்தது, மழையாக விழுந்து, தொட்டதும் கண்ணாடியாகிற மழை. மரக்கிளைகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தன. தலைமூடியில் துளிகள் மணல் கொட்டுவதுபோல் சத்தம் போட்டன. அவளுடைய சொந்த ஜாக்கெற்றின் ஜிப் மார்கழியிலேயே உடைந்திருந்தது; அதனால் பேரின்பநாயகத்தின் கோட்டைத்தான் போட்டிருந்தாள். உரியவர் வந்தால் கொடுக்கலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் தினமும் அதைப் போட்டாள்.

பாலத்தில் கால்வைத்ததும் சறுக்கியது. கைப்பிடியைப் பிடித்தாள். கீழே தண்டவாளம் இருட்டுக்குள் இருந்தது. வீதி முழுக்க ஒரே கறுப்புக் கண்ணாடி. அதில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கம்பத்தில் அவளுடைய மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

அது இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். காற்று அவள் கன்னத்தை அறுத்தது. சுடர் மட்டும் ஆடாமல் நேராக நின்றது.

அவள் ரதீசனுக்குப் போன் அடித்தாள்.

"தம்பி, பாலத்தில மருந்து அடிக்கயில்ல. இங்க வெர்க்ளா கொட்டுது."

"பொறுங்கோ அக்கா, கம்பியூட்டரில பாக்கிறன்." பிறகு சிரித்தான். "அங்க பிளஸ் ஏழு டிகிரியாம்! உங்கட பாலத்துக்கு மட்டும் வசந்தம் வந்திட்டுது. செருப்போட நடவுங்கோ."

"பகிடி விடாத தம்பி. நிக்கவே ஏலாம இரிக்கு."

"கம்பத்தில வெள்ளைக் கிண்ணக்கூடு இருக்கெல்லே, அதுக்குள்ளதான் குளிர் பாக்கிற மண்டை. அது சூடெண்டு சொன்னா பாலம் நம்பும். ஆரோ விசரன் அதுக்குக் கீழ நெருப்புக் கிருப்பு வைச்சிட்டான் போல."

அவள் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

"அணைச்சா அடிக்குமா?"

"ஓம், அணைச்சா தன்ர பாட்டில அடிக்கும். எனக்கு இங்கயிருந்து திறக்க அதிகாரமில்லை. ஆபீசுக்கு அடிக்கிறன். அக்கா, ஆளைத் தெரியுமோ?"

அவள் போனை வைத்தாள். அப்போதுதான் பஸ்ஸில் வாசித்த செய்தி நினைவுக்கு வந்தது. கணவன் ஜோன்சன் அனுப்பியது. கர்க்லாண்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஷெரோன் மாமி வீட்டிலிருந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டான். இந்தப் பாலத்தால்தான் வருவான்.

அவனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. கார் ஓட்டும்போது போனைத் தொடாதே என்று போன வருடம் சத்தியம் வாங்கியது அவள்தான். மனிதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றிப் பற்றிக் கம்பத்தை நோக்கி இழுபட்டுப் போனாள். கிட்டப் போகப் போக மெழுகு மணத்தோடு இன்னொரு மணமும் வந்தது. ஈரத் துணி நெடுநாள் மூட்டையில் கிடந்த மணம். மெழுகுதிரிக் கண்ணாடியைச் சுற்றிப் பனி உறைந்திருந்தது. இந்தப் பக்கம் ஐந்து வரிகள். அந்தப் பக்கம் ஐந்து வரிகள். வழிந்த நீர் உறைந்திருக்கிறது என்று நினைத்தாள்.

ஊதினாள். சுடர் அசையவில்லை.

மறுபடி ஊதினாள்.

கையுறையைக் கழற்றிக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தட்டோடு உறைந்திருக்கவில்லை, யாரோ பிடித்திருப்பதுபோல இருந்தது. அவள் இழுக்க, அதுவும் இழுத்தது.

பனி வரிகளில் ஒன்று மடங்கியது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். வரிகளின் நுனியில் நகங்கள். வரிகளுக்குப் பின்னால் மணிக்கட்டு. மணிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சட்டைக் கை, கண்ணாடிக்குழாய்போல் இறுகி. கம்பத்தின் நிழல் என்று அவள் எண்ணியிருந்தது குனிந்து நின்றது. முகத்தைச் சுடருக்குக் கிட்டக் கொண்டுபோய்க் குளிர்காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.

"அண்ணன்," என்றாள். "அண்ணன், அத விடுங்க. என்ட புள்ள வருது."

முகம் திரும்பியது. கண்ணிருந்த இடத்திலும் பனிதான். அது அவளைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தது.

"குளிருது, தங்கச்சி."

மரியாதையான குரல். பஸ்ஸில் இடம் கேட்கிறவரின் குரல்.

பாலத்தின் மறுமுனையில் இரண்டு விளக்குகள் ஏறின. இடது விளக்கு மங்கல். ஜோன்சனின் கார். வேகமாக வரவில்லை, ஆனால் இந்தக் கண்ணாடியில் வேகம் தேவையில்லை.

அவள் செபிக்கத் தொடங்கினாள். சொல் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது. பொத்தான். பொத்தான். கோட் கழன்றது. மழை அவள் பிளவுஸில் ஊசியாய் இறங்கியது. எட்டி, அந்தத் தோள்களில் போட்டாள். விறைத்த கைகள் கண்ணாடியை விட்டன; ஒவ்வொன்றாகக் கோட்டுக் கைகளுக்குள் நுழைந்தன. பள்ளிக்கூடத்துக்கு மேனுகாவை வெளிக்கிடுத்துவதுபோல, கழுத்துவரை பூட்டிவிட்டாள். விரல் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

சுடர் அணைந்தது.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

பிறகு பாலம் நெடுகச் சீறல். குழாய்வாய்கள் திறந்தன. வினாகிரி மணம்.

காரின் பின்பகுதி ஒருமுறை விலகியது. மறுமுறையும் விலகியது. சில்லுகள் பிடித்தன. கார் நேரானது.

அவள் கையைத் தூக்கி மறிக்கப் பார்த்தாள். கை வரவில்லை. கைப்பிடியில் அது எப்போது ஒட்டியது? காலைப் பார்த்தாள். சப்பாத்துத் தெரியவில்லை. முழங்கால்வரை மழமழவென்று கண்ணாடி.

"ஜோன்சன்!"

சத்தம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கார் அவளருகால் மெதுவாகப் போயிற்று. ஜோன்சன் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்கதவுக் கண்ணாடியில் மேனுகாவின் முகம். பிள்ளை அவளை நேராகப் பார்த்தாள். அம்மா என்று கண்டுகொள்ளவில்லை. தெரியாத ஒருவரைப் பார்க்கிற பார்வை. பிறகு தகப்பனின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். ஜெயமதிக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை, போன குளிர்காலத்துக் கேள்விக்கு அந்த உதடுகள் எப்படி அசையும் என்று அவளுக்குத் தெரியும்.



கார் நகரத்து வெளிச்சத்துக்குள் பத்திரமாக இறங்கியது. அதன் பின்னால், நடைபாதையில், மண்ணிறக் கோட் ஒன்று சறுக்காமல் நடந்துபோனது. சிறிது நேரத்தில் அதன் பைக்குள் அவளுடைய போன் அடித்தது. ஜோன்சன் காரை நிறுத்தியிருப்பான். மணிச்சத்தம் சின்னதாகிச் சின்னதாகிப் போய், ஓரிடத்தில் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

பாலத்தில் வேறு ஒருவரும் இல்லை. குழாய்கள் சீறிக்கொண்டிருந்தன. மருந்துத் தண்ணீர் வீதியில் விழுந்தது, தடுப்பில் விழுந்தது, கைப்பிடியைப் பற்றியிருந்த அவள் விரல்களிலும் விழுந்தது.

வீதியில் இருந்த பனி கரைந்தது. தடுப்பில் இருந்ததும் கரைந்தது.

விரல்களில் இருந்தது கரையவில்லை.