ஆர்மாஸின் கையொப்பம்

கார்களை ஏற்றிவந்த படகு ஹைலுவோத்தோ தீவில் கரை சேர்ந்தபோது பிற்பகல்தான். ஆனால் அந்த வடகோடியில் டிசம்பர் மாதத்துப் பிற்பகல், கருக்கென்று இருட்டிவிட்டிருந்தது. காரை விட்டு இறங்கிய சைலா ஆர்மாஸின் மர வீட்டின் முன் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். சமையலறையில் மட்டும் விளக்கு எரிந்தது. கடல் உறையத் தொடங்கியிருந்தது. பனிக்கட்டிகள் உரசிக்கொள்ளும் சத்தம், யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல் கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் துக்கம் விசாரிக்க வரவில்லை. திருடியைப் பிடிக்க வந்திருந்தாள்.

பல கணினிகள் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் இலவச மென்பொருள் ஒன்றை ஆஸ்பத்திரிகளும் நகராட்சிகளும் பள்ளிகளும் நம்பியிருந்தன. அதில் ஓட்டை தெரியவந்தால் அடைத்து, பொட்டலமாகக் கட்டி, ஊரெங்கும் அனுப்பும் வேலை சைலாவுடையது; அவளோடு வேலை பார்த்த ஆர்மாஸுடையதும். இருவரில் ஒருவரின் ரகசியக் கையொப்பம் பொட்டலத்தின் மேல் இருந்தால் போதும், கணினிகள் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அந்தக் கையொப்பம் ஆளுக்கொரு சின்ன அட்டைக்குள் இருந்தது.

இலையுதிர்காலத்தில் ஆர்மாஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

நேற்று அவர் கையொப்பத்தோடு ஒரு பொட்டலம், அனுப்பக் காத்திருப்பவற்றின் வரிசையில் வந்து நின்றது. சைலா அதைத் தடுத்து வைத்துவிட்டு, அவர் மனைவி தெல்லெர்வோவுக்குப் போன் செய்தாள். தெல்லெர்வோ பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

இப்போது தெல்லெர்வோ காப்பி ஊற்றினாள். ஏலக்காய் ரொட்டியைச் சைலாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அட்டை எங்க இருக்கு?" என்றாள் சைலா.

"யாருக்கு வித்தேன்னு நேராவே கேளு. காப்பி ஆறிடும்."

சைலா கோப்பையைத் தொடவில்லை.

"அவர் சட்டைப் பையில இருக்கு" என்றாள் தெல்லெர்வோ. "சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் வச்சேன். அது சரி, அதைத் திறக்கிற ரகசிய எண் எனக்கே தெரியாது. உனக்குத் தெரியுமா?"

சந்தேகம் தன் பக்கமும் திரும்பியிருப்பது அப்போதுதான் சைலாவுக்கு உறைத்தது. அவர் வேலை செய்த அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். தெல்லெர்வோ மறுக்கவில்லை. ஆனால் நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

அறையில் கணினி இல்லை. அடக்கம் முடிந்த வாரமே மகன் எடுத்துப் போய்விட்டானாம். சுவரில் இணையக் கம்பி வந்த துளையை மெழுகால் அடைத்திருந்தார்கள். வெறும் மேசை, ஒரு நாற்காலி. சூடேற்றியை அணைத்துப்போட்ட அறையில் இருக்க வேண்டிய குளிர் அங்கே இல்லை. மேசைப் பலகை, சற்று முன்வரை யாரோ முழங்கை ஊன்றியிருந்ததுபோல் கதகதப்பாக இருந்தது.

சைலா தன் மடிக்கணினியைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து வரி வரியாகப் படித்தாள். எங்கோ ஒரு கண்ணி இருக்கும் என்று தேடினாள். கண்ணி இல்லை. கடவுச்சொல் இல்லாமலே யாரும் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் அழித்துவிடக்கூடிய பழைய ஓட்டை ஒன்று, உலகத்தில் எவர் கண்ணிலும் படாதது, அழகாக அடைக்கப்பட்டிருந்தது. அந்தச் சுத்தம்தான் அவளுக்கு உறுத்தியது. நம்பிக்கையைச் சம்பாதிக்க நினைக்கிறவன் முதல் தடவை நல்லதைத்தான் கொடுப்பான்.

பொட்டலத்தை அழித்தாள்.

வரிசை காலியானது.

அவள் விரலை எடுப்பதற்குள் அது மறுபடி அங்கே இருந்தது.

அதே கையொப்பம். நேரம் மட்டும் புதிது. இந்த நிமிடம்.

பின்னால் தெல்லெர்வோவின் மூச்சு கேட்டது.

"முடிக்காம எழுந்திருக்க மாட்டார்" என்று முணுமுணுத்தாள். பிறகு, இன்னும் தணிந்த குரலில், "அனுப்புறது அவர்தான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

சைலா இத்தனை நாள் மனம் வராமல் தள்ளிப்போட்டிருந்த காரியத்தைச் செய்தாள். நம்பத் தகுந்த கையொப்பங்களிலிருந்து ஆர்மாஸை நீக்கினாள். பொட்டலம் மறைந்தது. வெகு நேரம் பார்த்திருந்தும் திரும்பி வரவில்லை. மேசை மெல்ல மெல்லச் சில்லிட்டது.

வாசலில் தெல்லெர்வோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தபோது இருந்த கடுப்பு இருவரிடமும் இல்லை.

திரும்பும் படகில், காருக்குள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஔலு நகர ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கௌகோ.

"நல்ல நேரத்துல அனுப்பினே சைலா. சாயங்காலம் எவனோ கடவுச்சொல் இல்லாமலே, சரியா அந்த ஓட்டை வழியா நுழையப் பார்த்தான். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவு மூடிக்கிச்சு."

"நான் எதையும் அனுப்பலையே."

"விளையாடாதே. உன் கையொப்பம்தானே இருக்கு."

அவள் கோட்டுப் பைக்குள் கைவிட்டாள். அட்டை இருந்தது. வெளியே எடுத்து விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டாள். மடிக்கணினி பின் இருக்கையில் மூடிக்கிடந்தது.

"ரெண்டாவதும் இப்ப வந்துட்டிருக்கு" என்றான் கௌகோ. "உன் பேர்லதான். இது எந்த ஓட்டைக்குன்னு மட்டும் நீ எழுதல."

"நிறுத்து கௌகோ. ஏத்தாதே."

"நான் எங்க ஏத்தறது? எல்லா வார்டுலயும் தானா ஏறிட்டிருக்கு."